தொழுகைப் பாயும் நாய்க்குட்டியும்

நாயைக் கண்டதும் சேலை முந்தானையையும் கைலி ஓரத்தையும் ஒதுக்கிப் பிடித்துக் கொண்டு நடப்பது நம் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம். உளூவுடன் பள்ளிவாசலுக்குப் போகிறவர், தெருநாய் எதிரே வந்தால் நின்று, அது கடந்து சென்ற பிறகே அடி எடுத்து வைப்பார். இது பேணுதல். தொழுகையை உயிராக மதிக்கும் சமுதாயத்தில் இந்தப் பேணுதல் இருந்தே தீர வேண்டும்.

ஆனால் அதே தெருவில், அதே நாயின் மீது நம் பிள்ளைகள் கல்லெறிவதையும் காண்கிறோம். ‘ஏன் எறிகிறாய்?’ என்று கேட்டால், ‘அது நஜீஸ்’ என்று பதில் வருகிறது. பேணுதல் எந்த இடத்தில் முடிந்தது? வெறுப்பு எந்த இடத்தில் தொடங்கியது? அசுத்தத்தைக் கழுவச் சொன்ன மார்க்கம், அந்த உயிரை அடிக்கவும் சொல்லியிருக்கிறதா?

இந்தக் கேள்வியை நாமாகத் தேடிப் போகவில்லை. ஒரு நாய்க்குட்டி அதை நம் வாசலுக்கே கொண்டு வந்து சேர்த்தது.

மழையில் வந்த குட்டி

திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஐப்பசி, கார்த்திகை மழையைப் பற்றித் தஞ்சைத் தரணியில் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முள்ளியாறு கரை தொட்டு ஓடும். வயலும் வாய்க்காலும் ஒன்றாகி விடும். மனிதனும் மாடும் பாம்பும் ஒரே மேட்டைத் தேடி ஒதுங்கும். அப்படியொரு மாலையில், மதரஸாவில் ஓதி விட்டு வந்த நம் வீட்டுப் பிள்ளையின் கையில் நனைந்த சாக்கு ஒன்று இருந்தது. உள்ளே, பிறந்து இரண்டு மாதம்கூட ஆகாத ஒரு கறுப்புக் குட்டி, நடுங்கிக் கொண்டிருந்தது.

வீட்டில் நன்னி இருந்தார்கள். ஆடும் கோழியும் வளர்த்துப் பழகியவர்கள். ஐவேளைத் தொழுகை தவறாதவர்கள். ‘உள்ளே கொண்டு வராதே. கொல்லைத் தாழ்வாரத்துல சாக்கைப் போட்டு விடு. மழை விட்டதும் பார்த்துக்கலாம்’ என்றார்கள். அப்படியே செய்தோம்.

மூன்றாம் நாள் ஃபஜ்ருக்கு எழுந்தபோது கொல்லைக் கதவு சரியாகச் சாத்தப்படாமல் இருந்தது. குட்டி உள்ளே வந்து, விரித்து வைத்திருந்த தொழுகைப் பாயின் மீதே ஈரம் செய்து விட்டுச் சுவரோரம் சுருண்டு கிடந்தது. ஜமாஅத்துக்கு நேரம் நெருங்குகிறது. நமக்குக் கோபம் தலைக்கேறியது. விளக்குமாற்றை எடுத்து இரண்டு போட்டோம். அது கத்திய கத்தலில் பிள்ளையும் விழித்துக் கொண்டான். விடிந்ததும் அதே சாக்கில் கட்டி, ரயில் பாதைக்கு அப்பால் விட்டு வருவது என்று முடிவு செய்தோம். அதை மார்க்கப் பற்று என்றே அந்த நேரத்தில் நினைத்தோம்.

நன்னி பாயை எடுத்துக் கழுவப் போனவர்கள் திரும்பிப் பார்த்துக் கேட்டார்கள்: ‘ஏம்ப்பா, எங்கே போகணும்னு நீ அதுக்கு ஒரு தடவையாவது காட்டுனியா? காட்டாததுக்கு அடி எதுக்கு? கதவைத் தொறந்து போட்டது அதுவா, நாமளா?’

நம்மிடம் பதில் இல்லை. அன்று மக்ரிபுக்குப் பிறகு பள்ளிவாசல் இமாமிடம் நடந்ததைச் சொன்னோம். ஹஜ்ரத் முதலில் கேட்டது நாயைப் பற்றி அல்ல. ‘உங்கள் கொல்லையில் ஆடு இருக்கிறதா? வேலி எப்படி?’ என்றுதான் கேட்டார்கள். அவர்கள் சொல்லியதையும், பின்னர் நூல்களைப் புரட்டி நாம் தெரிந்து கொண்டதையும் இங்கே வாசகர்கள் முன் வைக்கிறோம்.

எதற்காக வளர்க்கிறோம்?

தேவையின்றி நாய் வளர்ப்பவரின் நன்மையிலிருந்து நாள்தோறும் ஒரு கீராத் அளவு குறைந்து கொண்டே போகும் என்பதும், மற்றோர் அறிவிப்பின்படி இரண்டு கீராத் குறையும் என்பதும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் எச்சரிக்கை. கால்நடைக் காவலுக்கும், விவசாயத்துக்கும், வேட்டைக்கும் வைத்திருக்கும் நாய்கள் அந்த எச்சரிக்கையிலிருந்து விலக்குப் பெற்றவை. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஹதீஸ் நூல்களிலும் இச்செய்தி உண்டு. நாய் இருக்கும் வீட்டில் ரஹ்மத்துடைய மலக்குகள் நுழைய மாட்டார்கள் என்ற செய்தியும் நாம் சிறுவயது முதல் கேட்டு வருவதே.

நம்மூர் விவசாயிக்கு இந்த விலக்கின் பொருள் உடனே விளங்கும். சம்பா அறுவடை முடிந்த தை, மாசியில் இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து கீதாரிகள் செம்மறி மந்தைகளை ஓட்டிக் கொண்டு வருகிறார்கள். பகலெல்லாம் அறுத்த தாளில் மேய்ச்சல். இரவில் எருவுக்காக வயலில் கிடை. நடுவயலில், மழை வந்தாலும் பனி பெய்தாலும், அந்தக் கிடைக்குக் காவல் நாய்தான். நரி வந்தாலும் திருடன் வந்தாலும் முதலில் அறிவது அதுதான். மந்தையோடு வாழ்கிறவனின் இந்தத் தேவையை மார்க்கம் மறுக்கவில்லை.

வீட்டுக் காவலும் இந்த விலக்கில் அடங்குமா? இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், ஹதீஸில் சொல்லப்பட்ட தேவைகளை ஒப்பு வைத்து, வீட்டுக் காவலுக்கும் வளர்க்கலாம் என்பதே சரியான கருத்து என்கிறார்கள். இன்னும் ஒரு படி மேலே போய், இத்தகைய வேலைகளுக்குப் பழக்குவதற்காகக் குட்டியை எடுத்து வளர்க்கலாமா என்ற கேள்வியையும் ஃபிக்ஹு அறிஞர்கள் விவாதித்திருக்கிறார்கள். அதுவும் கூடும் என்பதே வலுவான கருத்து என்று அவர்கள் பதிவு செய்துள்ளார்கள். எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே நாய்க்குட்டி வரை யோசித்து வைத்த மார்க்க அறிவு நம்முடையது!

ஆகவே ஒவ்வொரு வீட்டாரும் தம் நெஞ்சில் கை வைத்துக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘எனக்கு இது தேவையா, ஆடம்பரமா?’ என்பதே. மாடி வீட்டில், ஆடும் இல்லை, வயலும் இல்லை, காவலுக்கான அவசியமும் இல்லை என்ற நிலையில், அடுத்த வீட்டுக்காரர் வைத்திருக்கிறார் என்பதற்காகப் பல ஆயிரம் கொடுத்து மேல்நாட்டுக் குட்டி வாங்கி, கட்டிலில் பக்கத்தில் படுக்க வைப்பதை மார்க்கத்தின் பெயரால் நாம் நியாயப்படுத்த முடியாது. நாயை விற்ற கிரயத்தைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள் என்பதையும் இவ்விடத்தில் நினைவில் கொள்ள வேண்டும். ஷாபிஈ மத்ஹபில் அந்த வியாபாரமே செல்லாது. ஹனபி மத்ஹபில் இடமுண்டு.

நம் கொல்லையில் ஆடு உண்டு, வேலியும் பலவீனம். எனவே தேவை உண்மையானதே என்று ஹஜ்ரத் கூறினார்கள். ‘ஆனால் அதன் இடம் வாசற்படிக்கு வெளியே. அந்த இடத்தை அதற்குக் கற்றுக் கொடுப்பது உங்கள் வேலை’ என்று முடித்தார்கள். சூரத்துல் கஹ்ஃபில் குகைவாசிகளோடு போன நாயை நினைவூட்டினார்கள். இறைவனுக்காக ஊரை விட்டு வெளியேறிய அந்த இளைஞர்களின் வரலாற்றில் அவர்களுடைய நாயும் மறக்கப்படவில்லை. குகையின் வாசலில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருந்ததாகத் திருமறை அதையும் சேர்த்தே கூறுகிறது. உள்ளே அல்ல, விரட்டப்பட்டும் அல்ல; வாசலில்! அதை விடப் பொருத்தமான இடத்தை நாம் எங்கே தேடுவது?

கழுவுவதற்கான சட்டம், வெறுப்பதற்கானதல்ல

நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண்ணைச் சேர்த்துக் கழுவ வேண்டும் என்பது ஹதீஸ். அதிராம்பட்டினம், நாகூர் போன்ற கடலோர ஊர்களில் பின்பற்றப்படும் ஷாபிஈ மத்ஹபில் நாயின் உடல் முழுவதும் நஜீஸ். அதன் எச்சில், வியர்வை, சிறுநீர் எது பட்டாலும், ஈரத்தோடு உடம்பு பட்டாலும் ஏழு முறை கழுவ வேண்டும். காய்ந்த உடம்பு காய்ந்த துணியில் பட்டால் அசுத்தம் ஒட்டாது. ஹனபி மத்ஹபில் எச்சில் நஜீஸ், உடல் அப்படியல்ல, மூன்று முறை கழுவினால் போதுமானது, ஏழு முறை கழுவுவது சிறப்பு. மாலிகி மத்ஹபில் உயிருள்ள நாய் சுத்தமானதே. பாத்திரத்தைக் கழுவுவது கட்டளைக்குக் கீழ்ப்படிதல். சிறுநீர் பட்ட இடத்தில் தொழக் கூடாது என்பதில் நம் பகுதியில் உள்ள இரு மத்ஹபாருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

இந்தச் சட்டங்களையெல்லாம் மீண்டும் ஒருமுறை கவனித்துப் பார்க்க வேண்டுகிறோம். இவற்றில் எந்தச் சட்டம் நாயின் மீது விதிக்கப்பட்டது? ஒன்றுகூட இல்லை! கழுவ வேண்டியவர் நாம். இடம் பார்த்துத் தொழ வேண்டியவர் நாம். பாத்திரத்தை மூடி வைக்க வேண்டியவர் நாம். நாய் எந்தக் கட்டளையையும் மீறவில்லை. அதற்குக் கட்டளையே இல்லை. தூங்குபவர் விழிக்கும் வரை, குழந்தை பருவம் அடையும் வரை, புத்தி பேதலித்தவர் தெளியும் வரை எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்று நாம் படித்திருக்கிறோம். மனிதனிலேயே இத்தனை பேருக்குக் குற்றம் எழுதப்படாதபோது, அறிவின் பொறுப்பே வழங்கப்படாத ஒரு குட்டிக்கு நாம் குற்றம் எழுதி, தண்டனையும் கொடுத்து விடுகிறோம். இது பேணுதலா? இது அநீதி.

மதீனாவில் ஒரு காலத்தில் நாய்களைக் கொல்லும்படி கட்டளை இருந்ததும், பின்னர் அது தடுக்கப்பட்டதும் ஹதீஸ் நூல்களில் காணப்படுகின்றன. நாய்களும் சமுதாயங்களில் ஒரு சமுதாயமே என்ற காரணத்தையும் பெருமானார் (ஸல்) அவர்கள் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். பூமியில் ஊர்வனவும் சிறகடித்துப் பறப்பனவும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்று திருமறையின் சூரத்துல் அன்ஆம் கூறுவதும் இதையே. தாகத்தால் நாக்கைத் தொங்கவிட்டு நின்ற நாய்க்குத் தன் காலணியில் தண்ணீர் மொண்டு கொடுத்த ஒழுக்கம் கெட்ட பெண்ணுக்குப் பாவமன்னிப்புக் கிடைத்தது. பூனையைக் கட்டி வைத்து, தானும் உணவு கொடுக்காமல், அவிழ்த்தும் விடாமல் சாகடித்த பெண்ணுக்கு நரகம் கிடைத்தது. இந்த இரு செய்திகளையும் நாம் மீலாது மேடைகளில் கேட்டுத் தலையாட்டி விட்டு, வீட்டுக்கு வந்து விளக்குமாற்றைத் தேடுகிறோம்.

ஒரு வாளித் தண்ணீர்

பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்விலேயே இத்தகைய சம்பவம் ஒன்று உண்டு. அங்கே அசுத்தம் செய்தது குட்டியல்ல, வளர்ந்த மனிதர். நடந்த இடம் வீட்டுக் கூடமல்ல, மஸ்ஜிதுன் நபவீ!

கிராமத்திலிருந்து வந்த ஓர் அரபி, பள்ளிவாசலின் ஒரு பக்கத்தில் சிறுநீர் கழிக்கத் தொடங்கினார். ஸஹாபாக்கள் கூச்சலிட்டுக் கொண்டு அவரை நோக்கி எழுந்தார்கள். அண்ணலார் (ஸல்) அவர்கள் அவர்களைத் தடுத்தார்கள். அவரை இடைமறிக்காமல் விட்டு விடும்படி சொன்னார்கள். அவர் முடித்த பின், ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டு வரச் செய்து அந்த இடத்தில் ஊற்றச் சொன்னார்கள். பிறகு அவரை அழைத்து, பள்ளிவாசல்கள் இதற்கான இடமல்ல, தொழுகைக்கும் இறைநினைவுக்கும் உரியவை என்று எடுத்துச் சொன்னார்கள். தோழர்களைப் பார்த்து, நீங்கள் இலேசாக்கவே அனுப்பப்பட்டீர்கள், சிரமப்படுத்த அல்ல என்றும் உணர்த்தினார்கள்.

இதில் அடங்கியுள்ள ஒழுங்கு முறையைப் பாருங்கள். முதலில் பதற்றத்தை நிறுத்துதல், பின்னர் தண்ணீர், அதன் பின் இடத்தைப் பற்றிய பாடம். நாம் அன்று ஃபஜ்ரில் செய்தது என்ன? முதலில் அடி, பின்னர் கூச்சல், தண்ணீர் ஊற்றியது நன்னி, பாடமோ கடைசி வரை வரவே இல்லை.

இன்னொரு சம்பவம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் முரட்டு ஒட்டகம் ஒன்றின் மீது ஏறி, அதைப் பழக்குவதற்காக முன்னும் பின்னும் வலித்து இழுத்துக் கொண்டிருந்தார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் மென்மையைக் கடைப்பிடிக்கும்படியும், மென்மை எதில் சேர்ந்தாலும் அதை அழகாக்கும் என்றும், அது நீக்கப்பட்டால் எதுவும் அலங்கோலமாகும் என்றும் அறிவுறுத்தினார்கள். இந்தப் போதனையை நாம் மாமியார் மருமகளுக்கும், ஆசிரியர் மாணவருக்கும் எடுத்துச் சொல்வோம். ஆனால் அது முதன்முதலில் சொல்லப்பட்ட சந்தர்ப்பம் ஒரு விலங்கைப் பழக்கும் சந்தர்ப்பம் என்பதை எத்தனை பேர் கவனித்திருப்போம்?

அல்லாஹ் கற்றுத் தந்ததிலிருந்து

சூரத்துல் மாயிதாவின் நான்காம் வசனம் வேட்டைக்குப் பழக்கிய பிராணிகள் பிடித்ததை உண்ண அனுமதிக்கிறது. அங்கே திருமறை பயன்படுத்தும் கருத்து நம்மைச் சிலிர்க்க வைக்கிறது: அல்லாஹ் உங்களுக்குக் கற்றுத் தந்ததிலிருந்து நீங்கள் அவற்றுக்குக் கற்றுக் கொடுக்கிறீர்கள் என்பதே அது. அப்படியானால் நாய்க்குச் சொல்லிக் கொடுக்கும் பாடம்கூட அல்லாஹ்விடமிருந்து வந்த அறிவின் ஒரு துளி! பழக்கப்பட்ட நாய் பிடித்தது ஹலால். பழக்கப்படாத நாய் பிடித்து, உயிரோடு கிடைத்து அறுக்கப்படாமல் செத்தால், அது ஆகாது. இரண்டும் நாய்தான், வித்தியாசம் கல்வி ஒன்றே. கல்வியின் சிறப்பைக் காட்ட உலமாக்கள் இந்த வசனத்தை எடுத்துக் கூறுவது இதனால்தான்.

பழக்கப்பட்ட நாய் என்பதற்கு ஃபிக்ஹு நூல்கள் இலக்கணமும் வகுத்திருக்கின்றன. அனுப்பினால் போக வேண்டும். தடுத்தால் நிற்க வேண்டும். பிடித்ததைத் தின்று விடாமல் எஜமானுக்காக வைத்திருக்க வேண்டும். ஒரு முறை செய்தால் போதாது. திரும்பத் திரும்பச் செய்து காட்ட வேண்டும். கல்வி என்பது ஒரே நாளில் முடியும் காரியமல்ல என்பதற்கு இதுவே சாட்சி.

நாமும் அவ்வாறே தொடங்கினோம். முதலில் குட்டியின் இயல்பைத் தெரிந்து கொண்டோம். நாய்க்குட்டி பிறந்து ஏறக்குறைய மூன்று வாரம் ஆனதுமே, தான் படுக்கும் இடத்தை விட்டுத் தள்ளிப் போய்க் கழிக்க முயல்கிறது. படுக்கையை அசுத்தம் செய்ய அது விரும்புவதில்லை. இது யாரும் சொல்லிக் கொடுக்காமல் படைத்தவன் அதன் உள்ளே வைத்த ஃபித்ரத். இரண்டு மாத வயதை ஒட்டி, காலடியில் எந்தத் தரை இருக்கிறதோ அதையே தன் இடமாக அது மனதில் பதித்துக் கொள்கிறது. மண்ணில் பழகினால் மண்ணைத் தேடும். சாக்கிலும் பாயிலும் பழகினால் சாக்கையும் பாயையும் தேடும். நாம் அதற்குத் தாழ்வாரத்தில் போட்டது என்ன? சாக்கு! மூன்று நாள் அதிலேயே அடைந்து கிடந்த குட்டிக்குக் காலடியில் சாக்கைப் போலவே தட்டுப்பட்டது தொழுகைப் பாய். அதற்கு அது பாயா, முஸல்லாவா என்பது எப்படித் தெரியும்? அது நம் தொழுகையை அவமதிக்கவில்லை. நாம் கொடுத்த பாடத்தைத்தான் ஒப்பித்தது.

கொல்லையில் வாழைக்கு அருகில் மண்ணைக் கொட்டி ஓர் இடம் அமைத்தோம். மண் தரையைச் சுத்தம் செய்யும்போது வேறு மண் சேர்க்க வேண்டியதில்லை என்று ஷாபிஈ நூல்கள் கூறுவதும் இதற்குத் துணையாயிற்று. கழுத்தில் கயிற்றைக் கட்டி, தூங்கி எழுந்ததும், தின்று முடித்த சற்று நேரத்திலும், விளையாடி ஓய்ந்த பிறகும், இரவு படுக்குமுன்பும் அதே இடத்துக்கு அழைத்துப் போனோம். இரண்டு மாதக் குட்டியால் பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடிவதில்லை; எனவே இரவில் ஒரு தடவை நாமும் எழ வேண்டியிருந்தது. அந்த எழுச்சி நமக்குத் தஹஜ்ஜுத் தொழுகையைப் பழக்கி விட்டது என்பதை நன்றியோடு சொல்லிக் கொள்கிறோம்.

அங்கே போய்க் கழித்தவுடன், அந்த நொடியிலேயே, ‘நல்ல பிள்ளை’ என்று ஒரு வார்த்தையும் சிறு கறித் துண்டும். இந்த ‘உடனே’ என்பது முக்கியம். கொஞ்ச நேரம் கழித்துக் கொடுத்தால் எதற்காகக் கிடைத்தது என்று அதற்கு விளங்காது. உள்ளே வர எத்தனித்தால் கையைத் தட்டி நிறுத்தி, வாசற்படிக்கு வெளியே திருப்பி விட்டோம். தவறி ஈரம் செய்த இடத்தைச் சட்டப்படி கழுவியதோடு, வாடையே இல்லாத அளவுக்குத் தேய்த்தோம். பினாயில் ஊற்றினால் நம் மூக்குக்கு மறையும். நாயின் மூக்குக்கு மறையாது. வாடை இருக்கும் இடத்துக்கே அது திரும்பி வரும். உணவுக்கும் தண்ணீருக்கும் தனிச் சட்டி வைத்தோம். வீட்டுப் பாத்திரம் எதையும் கொல்லையில் திறந்து போடுவதை விட்டோம். பிள்ளைக்கு, குட்டியைத் தொட்ட பின் கை கழுவிக் கொண்டே உள்ளே வர வேண்டும் என்பதும், தொழுகைக்கென்று தனி உடுப்பு என்பதும் சட்டமாயின.

நான்கு மாத வயது நெருங்கும்போது அது தானாகவே வாழையடிக்குப் போகத் தொடங்கியது. இடையில் எத்தனையோ தவறுகள். ஒவ்வொன்றையும் விசாரித்துப் பார்த்தபோது, கதவைத் திறந்து விட்டவரும், நேரம் தவறியவரும் நாமாகவே இருந்தோம்.

குற்றவாளியின் முகம்

‘தப்புச் செய்து விட்டு முகத்தைப் பார், திருட்டு முழி முழிக்கிறது! தெரிந்தேதான் செய்கிறது’ என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. நாமும் அன்று அப்படித்தான் சொன்னோம். அமெரிக்காவில் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் இதை 2009-ஆம் ஆண்டில் சோதித்து வெளியிட்டார். எஜமானர்கள் வேண்டாம் என்று தடுத்த தின்பண்டத்தை நாய்களின் முன் வைத்து, அவர்களை வெளியே அனுப்பி, திரும்பி வந்ததும் சிலரிடம் நாய் தின்று விட்டதாகவும், சிலரிடம் தின்னவில்லை என்றும் கூறினார். சில வேளைகளில் உண்மைக்கு மாறாகவும் கூறினார். கிடைத்த முடிவு, அந்தக் ‘குற்றவாளி முகம்’ குற்றம் செய்ததால் வருவதல்ல, எஜமானர் அதட்டுவதால் வருவது என்பதே. தின்னாமல் இருந்தும் திட்டு வாங்கிய நாய்களிடம்தான் அந்த முகம் இன்னும் அதிகமாகக் காணப்பட்டது!

சகோதரர்களே, இதைப் படித்தபோது நாம் வெட்கித் தலை குனிந்தோம். ஒரு நிரபராதியின் பயத்தைக் குற்ற ஒப்புதல் என்று எழுதிக் கொண்டோம். மனிதருக்குச் செய்தால் இதன் பெயர் பழி சுமத்தல். பேச வாயில்லாத ஜீவனுக்குச் செய்தால் பெயர் மாறி விடுமா? ஓர் அன்சாரியின் தோட்டத்தில் ஒட்டகம் ஒன்று பெருமானார் (ஸல்) அவர்களைக் கண்டதும் கண்ணீர் விட்டது. அவர்கள் அதன் தலையைத் தடவிக் கொடுத்து, உரிமையாளரை அழைத்து, இந்த வாயில்லா ஜீவன் விஷயத்தில் அல்லாஹ்வுக்கு அஞ்ச வேண்டாமா, நீ பட்டினி போட்டு வேலை வாங்குவதாக அது முறையிடுகிறதே என்று கடிந்து கொண்டார்கள். நாளை மறுமையில் நம் கொல்லைக் குட்டி எதை முறையிடும் என்று நினைத்துப் பார்த்தோம்.

பிள்ளை பார்த்துக் கொண்டிருக்கிறான்

இதில் மற்றொரு பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது. அன்று குட்டியின் கத்தலில் விழித்த பிள்ளை, விளக்குமாற்றோடு நின்ற நம்மைத்தான் முதலில் பார்த்தான். அவனும் சில வருஷங்களுக்கு முன் பாயை நனைத்தவன்தானே! தன்னை விடச் சிறியது தெரியாமல் தவறினால் பெரியவர்கள் என்ன செய்வார்கள் என்ற பாடத்தை அவன் நம் வீட்டில்தான் படிக்கிறான். நாளை தன் தம்பியிடமும், தன் வேலையாளிடமும், தன் மனைவியிடமும் அதே பாடத்தைத்தான் ஒப்பிப்பான். நாம் சாக்கில் போட்ட பாடத்தைக் குட்டி பாயில் ஒப்பித்தது போல!

ஏழு வயதில் பிள்ளைகளைத் தொழ ஏவும்படியும், பத்து வயதில்தான் கண்டிக்கும்படியும் நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. நடுவில் மூன்று ஆண்டுகள் சொல்லியும் காட்டியும் பழக்க வேண்டிய காலம். அறிவுள்ள பிள்ளைக்கே மூன்று ஆண்டுகள்; அறிவில்லாத குட்டிக்கு நாம் கொடுத்ததோ மூன்று நாட்கள், அதுவும் எதையும் காட்டாமல். மதுவில் ஊறிய அரபு மக்களையும் வல்ல நாயன் ஒரே நாளில் பிடிக்கவில்லையே! அதில் நன்மையை விடத் தீமை பெரிது என்று முதலில் உணர்த்தி, போதையோடு தொழுகையை நெருங்காதீர்கள் என்று அடுத்துத் தடுத்து, மனம் பக்குவப்பட்ட பின்னரே முழுவதும் விலக்கினான். படைத்தவனே படிப்படியாகப் பழக்கியிருக்க, நாம் எந்த அதிகாரத்தில் அவசரப்படுகிறோம்?

விட்டு வருவது பற்றியும் ஒரு வார்த்தை. ‘வளர்க்க முடியவில்லை, சந்தையில் விட்டு விட்டோம், ஆற்றுக்கு அந்தப் பக்கம் போட்டு விட்டோம்’ என்று பலர் கூசாமல் சொல்கிறார்கள். தாயில்லாத குட்டி அங்கே பசியாலோ வண்டிச் சக்கரத்திலோ முடியும் என்பது தெரிந்தே செய்வது இது. பட்டினியில் தவிக்கும் என்று தெரிந்து பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றம். அல்லாஹ்வின் சட்டத்தில் கேட்க வேண்டியதே இல்லை. உண்மையான தேவை இல்லாத வீட்டார், தோப்போ மந்தையோ உள்ள ஒருவரைத் தேடிப் பிடித்து ஒப்படைக்கட்டும். அதுவரை அதற்கு உணவும் நிழலும் கொடுப்பது, ஈரமான ஈரல் உள்ள ஒவ்வோர் உயிருக்கும் செய்யும் உதவியில் நன்மை உண்டு என்ற நபிமொழியில் அடங்கும்.

வைத்துக் கொள்கிறவர்கள், குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் கால்நடை மருத்துவமனையில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, ஆண்டுதோறும் தொடர வேண்டும். எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், மஞ்சளும் சுண்ணாம்பும் தடவிக் கொண்டிருக்காமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசியைத் தொடங்கி விட வேண்டும். அந்த நோய் வெளிப்பட்டு விட்டால் பிழைப்பது மிக மிக அரிது. அடுத்த வீட்டாருக்குத் தீங்கு வராமல் காப்பதும் நாய் வளர்ப்பவரின் மீது உள்ள ஹக்கு.

இப்போது நம் வீட்டில் தொழுகைப் பாய் தொழுத பின் சுருட்டி மேலே வைக்கப்படுகிறது. கொல்லைக் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டாகி விட்டது. கறுப்பன் வாசற்படிக்கு அந்தப் பக்கம், முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருக்கிறது. ஆடுகள் நிம்மதியாக இருக்கின்றன. ஃபஜ்ருக்கு நாம் கதவைத் திறக்கும்போது அது எழுந்து, ஒருமுறை நம்மைப் பார்த்து விட்டு, வாழையடிக்குப் போகிறது. நாம் உளூச் செய்யப் போகிறோம். இருவருக்கும் அவரவர் இடம் தெரிந்து விட்டது. அதற்கு அதன் இடத்தைக் கற்றுக் கொடுக்கப் போய், நம் கோபத்தின் இடம் எது, பேணுதலின் இடம் எது என்று நாம்தான் அதிகம் கற்றுக் கொண்டோம்.

அசுத்தத்தைக் கழுவும் பேணுதலையும், படைப்பினங்களின் மீது இரக்கம் காட்டும் உள்ளத்தையும் ஒருசேர நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக! தெரியாமல் அடித்த அடிகளை மன்னித்தருள்வானாக! ஆமீன்.